மீன் நெய் பூசிய கோட்டு

கொச்சியில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மார்கழி விடிகாலையில் காற்று லேசாக மாறும். அதற்கே படகுத்துறையில் நிற்பவர்கள் காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு ஊட்டியில் இருப்பதுபோல் பாவனை செய்வார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு, குளிரும் மழையும் தாங்குகிற மோட்டார் சைக்கிள் கோட்டு வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினால் என்ன நடக்கும்? சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. அந்தக் கோட்டை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுவது வேறு காரணத்துக்காக.

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் ஒரு குஜராத்தி முதலாளியின் ஏலக்காய் மண்டியில் எனக்கு வேலை. அறுவடைக் காலத்தில் மண்டியின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவேன். நேரியமங்கலம் பாலம் தாண்டி, அடிமாலி ஏறி, உடும்பன்சோலைப் பக்கம் இருக்கும் சின்னத் தோட்டக்காரர்களிடம் சாம்பிள் வாங்கி வருவேன். சாம்பிள் என்றால் ஒரு சின்னத் துணிப்பை ஏலக்காய். அதை முதலாளி மோந்து பார்த்துச் சரி என்றால் மூட்டைகள் மலையிறங்கும். இல்லையென்றால் அங்கேயே கிடக்கும். ஒரு குடும்பம் வருடம் முழுக்கப் பாடுபட்டது அந்தப் பைக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதை வண்டியின் பின்னால் ஒரு தகர டப்பாவில் போட்டுக் கட்டிக்கொண்டு வருவேன்.

கார்த்திகை, மார்கழியில் அந்த மலைப்பாதையில் மழையும் பனியும் மாறி மாறி வந்து கொல்லும். அந்த வருடம் முதல் நடையிலேயே டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கி ஒருவருடைய சாம்பிள் கறுத்துப்போனது. முதலாளி திட்டவில்லை. டப்பாவைக் கவிழ்த்து, சொட்டுகிற தண்ணீரை எனக்குக் காட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நடையில் நான் கொண்டுவர வேண்டியது என் அத்தானின் சரக்கு. அக்காவின் வீட்டுக்காரர். மலையில் ஒரு துண்டுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, அக்காவின் கழுத்திலும் கையிலும் இருந்ததையெல்லாம் அந்த மண்ணில் கொட்டியிருந்தார். முதல் அறுவடை. உள்ளூர் வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். நான்தான் வீறாப்பாக, "எங்க முதலாளிகிட்ட காட்டுறேன் அத்தான், பொறுங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். முதலாளியும், "கொண்டு வா, மோந்து பார்க்கலாம்" என்றிருந்தார். அந்த சாம்பிளை டப்பாவை நம்பிக் கொண்டுவர முடியாது. நெஞ்சோடு வைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விடாத கோட்டு வேண்டும்.

படகேறிக் காயலைத் தாண்டி பிராட்வே கடைத்தெருவுக்குப் போனேன். முதல் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேட்டன் எங்கே போறது, இமாலயத்துக்கா?" என்றார். உடும்பன்சோலைக்கு என்றேன். கப்பல்காரர்களிடமிருந்து வந்தது என்று ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டார். உள்ளே ரப்பர், ஜிப்புக்கு மேல் இன்னொரு மடிப்பு, மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கிற பட்டை, கழுத்தை மூடுகிற காலர். தோளில் தையலே இல்லை. தையல் இல்லாத தோள்தான் மழைக்கோட்டில் முக்கியம், ஏனென்றால் வண்டியில் போகும்போது மழை அடிப்பது முழுக்க அங்கேதான். கடையில் ஒரு முக்காலி இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி, ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் குனிந்து பார்த்தேன். முதுகில் மேலே ஏறுகிறதா, இடுப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமே. கடையில் சாயா கொண்டுவந்தவர் வாயால் 'டுர்ர்ர்' என்று வண்டியைக் கிளப்பினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. என் இரண்டு மாதச் சம்பளம் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அடுத்த கடையில் ரெக்சின் கோட்டு. பார்க்கத் தோல் மாதிரி பளபளவென்று இருக்கும், ஆனால் தையல் ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு குழாய். மடிப்பில் வெடிக்கும். இன்னொரு கடையில் பிளாஸ்டிக் கோட்டு. விலை என் கைக்கு எட்டியது. ஆனால் மலைக்காற்றில் படபடவென்று அடித்துக் கிழிந்துவிடும். கிழியாவிட்டாலும் உள்ளே வியர்த்து, வெளியே நனையாதவன் உள்ளே நனைவான். வியர்வை பட்ட ஏலக்காயை முதலாளியிடம் நீட்டுவதற்கு மழையில் நனைந்ததையே நீட்டலாம். பகல் முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு படகேறினேன்.

கடைசியில் எங்கள் வீடு இருக்கிற கொச்சங்காடியிலேயே கிடைத்தது. பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில், கயிற்றுச் சுருள்களுக்கு அடியில் ஒரு கித்தான் கோட்டு. தடித்த துணி, இரட்டைத் தையல், நெஞ்சில் உள்பக்கமாக ஒரு பெரிய பை. அந்தப் பையைப் பார்த்ததுமே அத்தானின் சாம்பிளுக்காகவே தைத்ததுபோல் எனக்குத் தோன்றிவிட்டது. விலை ரெக்சினில் பாதி. பைக்குள் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அடியில் கசிந்தது.

"துணி ஒண்ணாந்தரம். தண்ணி நிக்கணும்னா நெய் பூசணும் அண்ணே. வள்ளத்துக்குப் பூசறதில்லையா, அதுபோல" என்றார் கடைக்காரர்.

சாளை மீனைக் கொதிக்கவைத்து எடுக்கிற எண்ணெய்க்கு இங்கே மீன் நெய் என்று பேர். படகு மரம் ஊறாமல் இருக்க அதைத்தான் பூசுவார்கள். இடக்கொச்சியில் வள்ளம் பழுது பார்க்கிற ஒரு சேட்டனை எனக்குத் தெரியும். கோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் கோட்டைத் தட்டிப் பார்த்து, ஏதோ புது வள்ளம் வந்ததுபோல் மகிழ்ந்துபோனார். பூசிக் காயவைத்து, மறுபடி பூசிக் காயவைத்து, ஒரு வாரம் கழித்துக் கொடுத்தார். "இதைப் போட்டுட்டுக் காயல்ல சாடி முங்கினாலும் பனியன் நனையாது" என்றார். உண்மை. பைக்குள் தண்ணீரை ஊற்றி இரவெல்லாம் தொங்கவிட்டேன், காலையில் அப்படியே இருந்தது.

"வாடை?" என்று கேட்டேன்.

"ரெண்டு வெயில் கண்டா போயிடும்."

இங்கேதான் என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். வாடை போய்விட்டதா என்று சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சோதித்தேன். யாரை வைத்து? எங்கள் சந்துக்காரர்களை வைத்து. எங்கள் சந்து இருப்பது கருவாட்டுக் கிடங்கின் பின்சுவரை ஒட்டி. அங்கேதான் பிறந்தேன், அம்மா அந்தக் கிடங்கில்தான் கருவாடு தரம் பிரித்தாள், சந்தில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் வேலை. என் மனைவி கோட்டை மோந்து பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றாள். பக்கத்து வீட்டு அண்ணன் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்து, "சுத்தம்" என்றார். எதிர்வீட்டு அக்கா, "புதுத் துணி வாசம்தான் வருது" என்று ஒரு படி மேலே போனாள். நானும் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கருவாட்டைச் சுவாசிக்கிற மூக்குகளைக் கூட்டி வைத்து மீன் வாடைக்குத் தீர்ப்பு கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மண்டியில் நான் வேறு ஆள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வீடு எங்கே என்று யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று கையை வீசுவேன். சந்தன சோப்புப் போட்டுக் குளிப்பேன். மண்டியில் மாற்றுச் சட்டை ஒன்று வைத்திருப்பேன், சந்தில் உடுத்தியதோடு உள்ளே போக மாட்டேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு ஏலக்காய். கருவாட்டு வாடையிலிருந்து ஏலக்காய் வாசத்துக்கு வந்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. இப்படி ஒரு பெருமை வைத்திருந்ததைச் சொல்லவே இப்போது நாக்கு கூசுகிறது.

மலைக்குப் போனேன். அடிமாலிக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் விளக்கு வெளிச்சம் பனிக்குள் போய்த் தொலைந்தது. விரல் மரத்துப்போனது, கால் மரத்துப்போனது. ஆனால் நெஞ்சு உலர்ந்து, கதகதப்பாக இருந்தது. பிராட்வேக் கடைக்காரரை நிறுத்தி வைத்து அந்தக் கோட்டைக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

அத்தான் வீட்டில் அக்கா கோட்டை வாங்கி அடுப்பு ஓரமாகத் தொங்கவிட்டாள். தொங்கவிட்டவள் அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நம்ம சந்து வாசம்டா."

மலைக்குப் போய்ப் பல வருடமான மூக்கு அது. புரிந்துகொண்டிருக்க வேண்டும். நானோ, அக்காவுக்கு அம்மா ஞாபகம் என்று நினைத்துக்கொண்டு கப்பைக் கிழங்கையும் தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தியையும் வயிறு நிறையத் தின்றேன்.

காலையில் அத்தான் சாம்பிளைக் கொண்டுவந்தார். பச்சைப் பசேல் என்ற காய்கள், ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தது. பாலிதீன் பையில் போட்டால் ஏலக்காய் வியர்த்துவிடும் என்பதால் துணிப்பையில் கட்டியிருந்தார். அதை என் கோட்டின் உள்பையில் அவரே வைத்து, மேலே தட்டிக் கொடுத்தார். "எல்லாம் உன் கையில இருக்கு மாப்பிள்ளே" என்றார். பாதை முழுக்க அந்தப் பை என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே வந்தது. நேரியமங்கலம் இறங்கியதும் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கழற்றினால் சாம்பிளை எங்கே வைப்பது, மறுபடி அந்த ஓட்டை டப்பாவிலா? கோட்டோடேயே வெந்துகொண்டு வந்தேன். மலைக்குளிரில் உறைந்து கிடந்த மீன் நெய் கீழே இந்தச் சூட்டில் கண் விழித்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்?

மண்டியின் சாம்பிள் அறை பூஜை அறை மாதிரி. முதலாளி வீட்டில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. வேலைக்காரர்களின் மீன்குழம்புச் சாப்பாடு வாசல் காவல்காரரைத் தாண்டி உள்ளே வராது. செருப்பு வெளியே, கோட்டு வெளியே. பித்தளைத் தட்டில் சாம்பிளைக் கொட்டுவார்கள். முதலாளி இரண்டு காயை எடுத்து உள்ளங்கையில் நசுக்கி மோப்பார். பிறகு அவருடைய தம்பி. பிறகு தரம் பார்க்கிற பெரியவர். மூன்று பேரும் மோந்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, முகம்கூட மாறக் கூடாது. ஒருவர் சொல்வது இன்னொருவரின் மூக்கைக் கெடுத்துவிடும் என்பார் முதலாளி.

சட்டையை மாற்றக்கூட நேரம் எடுக்காமல், உலர்ந்த சாம்பிளைக் கொண்டுவந்த திமிரில் உள்ளே போனேன். கொட்டினேன். முதலாளி மோந்தார். தம்பி மோந்தார். பெரியவர் மோந்தார். நிறத்துக்கும் பருமனுக்கும் தலையாட்டப் போகிறார்கள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"இது எங்கே காய வெச்சது? மீன் ஷெட்டிலா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. பெரியவர், "மீன் வாடை அடிக்குது. தோட்டக்காரன் எதிலயோ போட்டு வெச்சிருக்கான்" என்றார். முதலாளி தட்டைத் தள்ளினார். "இந்தத் தோட்டம் வேண்டா. இனி கொண்டுவரவும் வேண்டா."

அந்தத் தெருவில் ஒரு மண்டி ஒரு தோட்டத்தை வாடைச் சரக்கு என்று சொல்லிவிட்டால் பொழுது சாய்வதற்குள் எல்லா மண்டிக்கும் தெரிந்துவிடும். பிறகு அந்தத் தோட்டக்காரன் தங்கத்தைக் காய்க்க வைத்தாலும் யாரும் தொட மாட்டார்கள். அத்தான் தட்டிக் கொடுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அக்கா கோட்டில் முகம் வைத்து நின்றது எனக்கு உறைத்தது.

"முதலாளி, தோட்டம் சுத்தம். வாடை என்னோடது" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். மீன் நெய், கோட்டு, நெஞ்சுப் பை, எல்லாவற்றையும் சொன்னேன். அதை எப்படிக் கண்டுபிடிக்காமல் இருந்தாய் என்று தம்பி கேட்டார். வீடு கருவாட்டுக் கிடங்குக்குப் பின்னால் என்று சொன்னேன். இத்தனை வருடம் "கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று வீசிய கை, அப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கியது.

முதலாளி வியாபாரி. வாய்ச் சொல்லை வைத்துச் சரக்கை எடுக்கவும் மாட்டார், ஒதுக்கவும் மாட்டார். என்னை ஜன்னல் பக்கம் வரச் சொன்னார். கோட்டு வெளியேதான் தொங்கியது, ஆனால் சட்டையில் ஏறியிருக்கும் அல்லவா? குனிந்து, என் நெஞ்சுக்கு நேரே மூக்கை வைத்து மோந்தார். நிமிர்ந்தார். தம்பி வந்து குனிந்தார். நிமிர்ந்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்தார். மூன்று பேரும் மோந்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை, யார் முகமும் மாறவில்லை. ஏலக்காய்க்கு உள்ள அதே மரியாதை. நான் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு விடக்கூட வெட்கமாக இருந்தது. தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று நிஜமாகவே நினைத்தேன்.

"அதே வாடைதான்" என்றார் முதலாளி. "அப்போ சரக்கு நல்லது. வேற ஆளை அனுப்பி வேற சாம்பிள் எடு." என்னைப் பார்த்து, "நீ சொன்னது நன்னாயி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்குள் தம்பி எட்டி ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பஸ்ஸில் ஒருவர் போய்ப் புது சாம்பிள் கொண்டுவந்தார். மூட்டைகள் இறங்கின. அத்தானுக்கு அவர் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை. அக்கா கழுத்துக்கு நகை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. மண்டிச் செலவில் பிராட்வேயிலிருந்து அந்தக் கறுப்புக் கப்பல் கோட்டையே வாங்கினார்கள். மலைக்குப் போகும்போது மாட்டிக்கொண்டு போய், திரும்பியதும் மண்டி ஆணியில் மாட்டிவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னார்கள். நியாயம்தான். கித்தான் கோட்டை இடக்கொச்சி சேட்டனுக்கே கொடுத்துவிட்டேன். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் சந்துக்குள் நுழைந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வாடை அடித்தது. கிடங்கின் சுவரில், வாய்க்காலில், கொடியில் காய்ந்த துணியில், எங்கள் வீட்டுக் கதவில். என்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கிறது. மூன்று பேர் மோந்த பிறகுதான் என் மூக்கு திறந்தது.

மகள் ஓடி வந்தாள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் தூக்கி உச்சி முகர்ந்தேன். முகர்ந்ததும் என் முகம் தானாக ஒரு பக்கம் திரும்பியது. ஒரு நொடிதான். மண்டியில் அந்த மூன்று பேர்கூட அப்படிச் செய்யவில்லை.

அவள் அழவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. தலைமயிரைக் கையால் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, ரொம்பப் பொறுமையாக, "குளிச்சாச்சுப்பா" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் தினமும் சொல்லிப் பழகிய பதில் அது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.